படிக்காமல் இட்ட கையெழுத்து

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். முளையைக் கண்டு வியந்து நிற்பவர் பலர். அதற்கு வேலி கட்டி, நீர் பாய்ச்சி, களையெடுத்து, கதிர் முற்றும் நாள்வரை காத்திருப்பவர் சிலரே. அந்தச் சிலர் இல்லாத வயலுக்கு, முளையைக் கண்ட மாத்திரத்தில் விலை பேசுகிறவர்கள் வந்து சேருகிறார்கள். மக்கட்செல்வத்துக்கும் இக்கதி நேர்வதுண்டு என்பதற்கு, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கானா நாட்டில் பிறந்த கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்வு சான்றாக நிற்கிறது.

நீ ஒடார்ட்டே லாம்ப்டி என்பது அவருடைய முழுப்பெயர். இப்பெயரின் முதலில் நிற்கும் 'நீ' நம் மொழியின் முன்னிலைச் சொல்லன்று. கானாவின் கடற்கரைப் பகுதியில் வாழும் கா இன மக்கள் ஆண்மக்களின் பெயருக்குமுன் வைத்து வழங்கும் மரியாதைச் சொல். பதினாறு வயதில் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட பெயர் அது. உலகப் புகழ்பெற்ற பெலே, இச்சிறுவனே தமக்கு இயல்பான வாரிசு என்று கருதியதாக அந்நாளில் எங்கும் பேச்சு எழுந்தது. ஆயின் அவர் அடைந்தது பெலேயின் அரியணை அன்று. பன்னிரண்டுக்கும் மேற்பட்ட கழகங்கள், நான்கு கண்டங்கள், ஓர் ஊரில் வேரூன்றுமுன் மற்றோர் ஊருக்குப் பயணம் என்று அவருடைய ஆட்ட வாழ்வு நாடோடி வாழ்வாகவே கழிந்தது. ஏன் இவ்வாறு ஆயிற்று? காலில் குறையில்லை, உழைப்பில் குறையில்லை. குறை வேறோர் இடத்தில் இருந்தது. அதை அறிந்துகொள்வது பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் பயன் தரும்.

துறைமுக நகரில் ஒரு சிறுவன்

1957-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் ஆங்கில ஆட்சியினின்று விடுதலை பெற்ற நாடு கானா. சகாராப் பாலைநிலத்துக்குத் தெற்கேயுள்ள குடியேற்ற நாடுகளுள் இவ்வாறு விடுதலை கண்டவற்றில் அதுவே முன்னோடி. அதன் முதல் தலைவர் குவாமே நிக்ரூமா, மீனவர் வாழ்ந்த தேமா என்னும் சிற்றூரைப் பெருந்துறைமுக நகராக்கினார். 1962-இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தைச் சுற்றித் தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் பெருகின. அந்நகரில் 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் லாம்ப்டி பிறந்தான்.

கானா மக்களுக்குக் கால்பந்து வெறும் பொழுதுபோக்கன்று. கொடியின் நடுவிலுள்ள கறுப்பு விண்மீனே தேசிய அணியின் பெயராகவும் விளங்குகிறது. 1963, 1965, 1978, 1982 ஆகிய ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற நாடு அது. தெருப்புழுதியில் வெறுங்காலோடு பந்தை உதைக்கும் ஒவ்வொரு சிறுவனும் தன்னை ஒரு கறுப்பு விண்மீனாகவே எண்ணிக்கொள்வான்.

லாம்ப்டியோ விளையாட்டுக்காக மட்டும் தெருவுக்கு வந்தவன் அல்லன்; வீட்டிலிருந்து தப்பி வந்தவன். தந்தை குடிப்பழக்கத்துக்கு அடிமையானவர் என்றும், தம்மைக் கடுமையாக அடித்துத் துன்புறுத்தினார் என்றும் பின்னாளில் அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். தாயும் தந்தையும் பிரிந்தனர். பிள்ளை இருவருக்கும் நடுவே நின்றது. எவர் வீட்டிலும் அதற்கு நிலையான இடமில்லை. பள்ளிக்குப் போகவேண்டிய வேளையில் பந்தைத் தேடிப் போனான். இரவில் கடைத்தெருவின் பெட்டிக் கடைகளில் படுத்துறங்கிய நாள்களும் உண்டு.

நாட்டு நிலையும் அப்பொழுது இரங்கத்தக்கதாயிருந்தது. 1983-ஆம் ஆண்டில் கானாவை வறட்சியும் காட்டுத்தீயும் பஞ்சமும் ஒருங்கே வாட்டின. அவ்வாண்டிலேயே அண்டை நாடாகிய நைஜீரியாவில் பிழைப்புத் தேடிச் சென்றிருந்த ஏறத்தாழ பத்து லட்சம் கானா மக்கள் வெளியேற்றப்பட்டு, தலைச்சுமையோடு தாய்நாடு திரும்பினர். பெரியவர்களே உணவின்றித் தவித்த காலத்தில், பெற்றோர் பிரிந்த வீட்டின் எட்டு வயதுச் சிறுவனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பி வைக்க எவர் இருந்தனர்? எழுத்தறியாமலே அவன் வளர்ந்தான். அந்நாளில் அது பெரிய இழப்பாக எவருக்கும் தோன்றவில்லை. பையன் பந்தாடுகிறானே, அது போதும் என்றனர்.

சோறும் கூரையும் தந்த பாசறை

கானாவின் உட்பகுதியில் அசாந்தே மக்களின் தலைநகராகிய குமாசி இருக்கிறது. அங்கே கால்பந்துக் கழகம் ஒன்றின் பாசறையில் லாம்ப்டி அடைக்கலம் புகுந்தான். பாசறையை நடத்தியவர்கள் முஸ்லிம்கள். அங்கு வேளைக்கு உணவு கிடைத்தது. உறங்க ஓர் இடம் கிடைத்தது. அவனும் இஸ்லாத்தைத் தழுவினான். அதனால் தந்தையின் சினத்துக்கு ஆளானான். பசித்த பிள்ளைக்குச் சோறிட்ட கைகளை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். ஒரு பிள்ளை தன் வீட்டில் பெறாத அன்பை வேறொரு வாசலில் தேடினால், குறை அவ்வாசலில் இல்லை.

அங்கிருந்து தேசியச் சிறுவர் அணிக்குத் தேர்வு பெற்றான். 1989-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி நடந்தது. கானா அணி அங்குக் கோப்பையை வெல்லவில்லை, முதற்சுற்றோடு திரும்பியது. ஆயினும் பார்த்தவர்கள் அனைவர் கண்ணும் அச்சிறுவன்மீதே பதிந்தது. உருவத்தில் சிறியவன், பந்து மட்டும் அவன் காலை விட்டு அகலவில்லை. நடுக்களத்திலிருந்து பந்தைப் பெற்று, எதிரணியினர் இருவர் மூவரைச் சுற்றிச் சென்று, முன்களத்தாருக்கு வழி திறந்து விடுவதும் தானே கோல் அடிப்பதும் அவனுக்கு எளிதாயிருந்தன. ஐரோப்பியக் கழகங்களின் ஆள் தேடுவோர் குறிப்பேடுகளில் அவன் பெயர் ஏறியது.

இரவோடு இரவாக

பெல்ஜியம் நாட்டின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில் ஆண்டர்லெக்ட் என்னும் பெரிய கழகம் உண்டு. அக்கழகம் அவனை விரும்பியது. கானாவின் கால்பந்து அதிகாரிகளோ அவன் நாட்டைவிட்டுப் போவதை விரும்பவில்லை. கடவுச்சீட்டும் அவன் கையில் இல்லை. பதினைந்து வயதுப் பையன் என்ன செய்தான்? வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் மகன் எனத் தன்னைச் சொல்லிக்கொண்டு, டோகோ, பெனின் ஆகிய நாடுகளின் எல்லைகளைக் கடந்து, நைஜீரியாவின் லாகோஸ் நகரை அடைந்தான். அங்கே அவனை எதிர்கொண்டவர் ஸ்டீபன் கெஷி. நைஜீரிய தேசிய அணியின் தலைவராகவும் ஆண்டர்லெக்ட் கழகத்தின் தற்காப்பு ஆட்டக்காரராகவும் விளங்கியவர். பொய்ப்பெயர் தாங்கிய கடவுச்சீட்டோடு பையனை அவர் பெல்ஜியத்துக்கு அழைத்துச் சென்றார். லாம்ப்டியே பல பேட்டிகளில் விவரித்துள்ள வரலாறு இது.

கெஷி அவனைத் தம் இல்லத்திலேயே தங்க வைத்தார். அந்நிய நாட்டில், குளிர் நிறைந்த ஊரில், மொழி அறியாப் பையனுக்கு அவர் அண்ணனாகவும் தந்தையாகவும் இருந்தார். 1994-இல் நைஜீரிய அணியின் தலைவராகவும் 2013-இல் அதே அணியின் பயிற்சியாளராகவும் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற பெருமைக்குரிய அவர், 2016-இல் காலமானார். லாம்ப்டியின் ஆட்ட வாழ்வில் மிகச் சிறந்து விளங்கிய ஆண்டுகள், அவருடைய கூரையின்கீழ்த் தொடங்கிய ஆண்டுகளே என்பது நம் சிந்தனைக்கு உரியது.

ஆயினும் அப்பயணம் எழுப்பும் வினாவைத் தவிர்க்க இயலாது. ஒரு பிள்ளை எல்லை கடக்கிறது. உண்மைப் பெயரை மறைக்கிறது. பெற்றவர் ஒருவரும் உடன் இல்லை. கெஷியைப் போன்றவர் எதிர்கொண்டது அவனுடைய நல்வாய்ப்பு. அதே வழியில் புறப்பட்ட வேறு பிள்ளைகளுக்கு அத்தகையோர் வாய்க்கவில்லை. கமரூன் நாட்டின் முன்னாள் ஆட்டக்காரர் ழான்-குளோத் எம்வூமென் என்பவர், பிரான்ஸ் நாட்டுக்கு அழைத்து வரப்பட்டுப் பின்னர்த் தெருவில் கைவிடப்பட்ட ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்கு உதவவென்றே 2000-ஆம் ஆண்டில் ஒரு சங்கத்தைத் தொடங்க நேர்ந்தது. அத்தகைய பிள்ளைகளின் பெயர்களை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

ஒளி வீசிய நான்கு ஆண்டுகள்

1990-ஆம் ஆண்டு டிசம்பரில், பதினாறு வயது நிரம்பிய சில நாள்களிலேயே லாம்ப்டி ஆண்டர்லெக்ட் அணியின் முதல்தர ஆட்டத்தில் இறங்கினார். இறங்கிய அன்றே கோலும் அடித்தார். அத்துணை இளையவர் ஒருவரைக் களமிறக்குவதற்காக பெல்ஜியத்தில் வயது வரம்பையே தளர்த்த நேர்ந்தது. 1991-ஆம் ஆண்டு மார்ச்சில் ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளுள் ஒன்றில் இத்தாலியின் ரோமா கழகத்துக்கு எதிராகவும் கோல் அடித்தார். அப்பருவத்தில் ஆண்டர்லெக்ட் பெல்ஜியத்தின் வாகையர் பட்டம் சூடியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பதினேழு வயதுக்குட்பட்டோரின் உலகப் போட்டி இத்தாலியில் நடைபெற்றது. எக்வடார் நாட்டில் நடைபெற வேண்டியது. அங்குக் காலரா பரவியதால் இடம் மாற்றப்பட்டது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற இத்தாலியின் தெல் பியரோவும் அர்ஜென்டினாவின் வெரோனும் அப்போட்டியில் ஆடியவர்களே. இறுதி ஆட்டத்தில், பிளாரன்ஸ் நகரில், கானா அணி ஸ்பெயினை 1-0 என்ற கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப் பந்து லாம்ப்டிக்கு வழங்கப்பட்டது.

1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக் விளையாட்டுகளில் கானா வெண்கலப் பதக்கம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் ஆப்பிரிக்க நாடொன்று பெற்ற முதல் பதக்கம் அது. அவ்வணியிலும் அவர் இருந்தார். 1993-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் கானா இறுதி ஆட்டம்வரை சென்று, பிரேசிலிடம் 1-2 எனத் தோற்றது. அவ்வாண்டே ஆலந்து நாட்டின் பி.எஸ்.வி. ஐந்தோவன் கழகத்துக்குச் சென்றார். பிரேசிலின் பெரும் ஆட்டக்காரர் ரொமாரியோ அக்கழகத்தை விட்டு பார்சிலோனாவுக்குப் போயிருந்த சமயம் அது. அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் நின்ற பத்தொன்பது வயது இளைஞர், அப்பருவத்தின் 22 லீக் ஆட்டங்களில் 10 கோல்கள் அடித்தார்.

இத்துணையும் இருபது வயது நிரம்புமுன்! இதற்குமேல் வளர்ச்சியே என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். நடந்ததோ வேறு.

தாளில் எழுதியிருந்தது என்ன?

கால்பந்துத் தொழிலின் உள்நடப்பை இவ்விடத்தில் சிறிது விளக்குதல் நலம். தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு கழகத்தோடு சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்கிறார். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேறு கழகம் அவரை விரும்பினால், அக்கழகம் பழைய கழகத்துக்கு ஒரு தொகை செலுத்திப் பெற்றுக்கொள்ள வேண்டும். இதுவே மாற்றுத் தொகை. ஆட்டக்காரருக்காகப் பேரம் பேசும் தரகருக்கு அதில் கூலி உண்டு. இம்மட்டில் குற்றமில்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது போன்றதே அது.

ஆனால் வேறொரு வழக்கமும் இருந்தது. கழகமல்லாத தனி ஆள் ஒருவர் ஆட்டக்காரரின் மாற்றுத் தொகையில் தமக்குப் பங்கு எழுதி வாங்கிக்கொள்வார். ஆட்டக்காரர் ஓர் இடத்தில் நிலைத்து நின்று வளர்ந்தால் அவருக்கு வருவாய் இல்லை. இடம் மாறும்போதெல்லாம் வருவாய். நிலத்தை உழுது பயிரிடுகிறவனுக்கும், நிலத்தை வாங்கி வாங்கி விற்கிறவனுக்கும் உள்ள வேறுபாடு இது. முன்னவனுக்கு விளைச்சல் வேண்டும். பின்னவனுக்குக் கைமாற்றம் வேண்டும்.

லாம்ப்டியின் ஒப்பந்தங்களை இத்தாலியத் தரகர் ஒருவர் கையாண்டார். தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும், நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்திட்டதாகவும், அவற்றில் தம் வாழ்வையே எழுதிக் கொடுத்ததைப் பின்னரே உணர்ந்ததாகவும், தம் விருப்பத்தைக் கேளாமலே தாம் கழகம் விட்டுக் கழகம் மாற்றப்பட்டதாகவும் லாம்ப்டி பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். தாளைப் படித்துச் சொல்லத் தந்தை அருகில் இல்லை, தமையன் இல்லை, நம்பத்தகுந்த ஆசிரியர் இல்லை. மைதானத்தில் ஐந்து பேரைத் தாண்டிச் செல்லத் தெரிந்த இளைஞருக்கு, ஒரு தாளின் ஐந்து வரிகளைத் தாண்ட வழி தெரியவில்லை.

கையெழுத்து என்பது ஒருவன் தன்னையே பிணையாக வைக்கும் செயல். என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்தவன் இடுவதே கையெழுத்து. அறியாதவன் இடுவது வெறும் மைக்கோடு. ஆனால் அந்த மைக்கோட்டுக்கும் சட்டத்தின் முன் அதே வலிமை உண்டு. துயரம் அங்கேதான் இருக்கிறது.

ஊர் ஊராக

1994-இல் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா கழகம் அவரைப் பெற்றது. அவரை விரும்பி அழைத்த மேலாளர் ரான் அட்கின்சன் சில மாதங்களிலேயே பதவி நீக்கம் செய்யப்பட்டார். புதியவருக்கு முந்தியவரின் ஆள்மீது பற்று இருக்குமா? லீகில் ஆறே ஆட்டங்கள் ஆடக் கிடைத்தன. அட்கின்சன் கவென்ட்ரி நகரக் கழகத்தின் பொறுப்பேற்றதும் அங்கும் அவரை அழைத்தார். அங்கும் லீகில் ஆறே ஆட்டங்கள். இங்கிலாந்தில் வெளிநாட்டவர் ஆடுவதற்கு அரசின் பணி உரிமம் வேண்டும். தம் நாட்டு அணியின் போட்டிகளில் பெரும்பகுதியில் ஆடியிருப்பவருக்கே உரிமம் நீடிக்கும் என்பது அந்நாளைய விதி. ஆகவே ஆப்பிரிக்காவுக்கும் இங்கிலாந்துக்குமாக ஓயாது பறக்க வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது கழக அணியில் அவருடைய இடம் பறிபோயிருக்கும். இறுதியில் தேசிய அணியிலும் அவர் நிலை தளர்ந்தது. இங்கிலாந்தின் கதவும் மூடியது.

1996-இல் இத்தாலியின் வெனிஸ் நகரக் கழகம். விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்டங்களோடு அங்கிருந்தும் புறப்பாடு. பிறகு கடல் கடந்து அர்ஜென்டினாவின் சாந்தா பே நகரிலுள்ள யூனியோன் கழகம். பின்னர்த் துருக்கியில் அங்காராகுஜு, போர்ச்சுகலில் லெய்ரியா, ஜெர்மனியில் கிராய்ட்டர் பூர்ட். ஒவ்வோர் ஊரிலும் புதிய மொழி, புதிய உணவு, புதிய பயிற்சியாளர், புதிய தோழர்கள். நடுக்களத்தில் ஆடுகிறவர் மற்றப் பத்துப் பேரின் மனத்தையும் அறிந்து ஆட வேண்டியவர். யார் எப்போது ஓடுவார், யார் எந்தக் காலால் பந்தை வாங்குவார் என்பது பல மாதங்கள் கூடி ஆடினால்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளுமுன் பெட்டியைக் கட்ட வேண்டியிருந்தது. திறமை தேய்ந்ததில் வியப்பென்ன?

ஜெர்மனியில் அணித்தோழர் ஒருவர் கறுப்பரான தம்மோடு ஒரே அறையில் தங்க மறுத்ததையும் லாம்ப்டி நினைவு கூர்ந்திருக்கிறார். நிறத்தின் பேரால் மனிதனை மனிதன் ஒதுக்கும் பாவம், ஒரே சீருடை அணிந்தவரிடையிலும் நுழைந்துவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய துயரம் மைதானத்துக்கு வெளியே நேர்ந்தது. அர்ஜென்டினாவில் இருந்த காலத்தில் அவருடைய மகன், பச்சிளம் பாலகன், நுரையீரல் நோயால் மாண்டான். பின்னர் ஜெர்மனியில் இருந்தபோது பிறந்த மகளையும் அதே வகை நோய் கொண்டுபோயிற்று. பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு மைதானத்தில் ஓட வேண்டும். பார்வையாளர் கூட்டம் கோல் கேட்கிறது. மனமோ கல்லறையில் கிடக்கிறது. ஆட்டக்காரரின் சட்டையில் எண்ணைப் பார்க்கிற நாம், சட்டைக்குள் இருக்கும் தந்தையைப் பார்ப்பதில்லை.

மீண்டும் ஒரு வெளிச்சம்

2001-இல் அவர் சீனாவுக்குச் சென்றார். ஷாண்டோங் லூனெங் என்னும் கழகம் அவரை மதித்து வரவேற்றது. ஐரோப்பா மறந்துவிட்டவரை அங்குள்ள மக்கள் கைதட்டி ஏற்றுக்கொண்டனர். சீனாவில் தாம் மீண்டும் மகிழ்ச்சி கண்டதாக அவர் கூறியிருக்கிறார். பின்னர் அரபு நாட்டுக் கழகம் ஒன்றில் சிலகாலம் ஆடிவிட்டுத் தாய்நாடு திரும்பி, குமாசியின் பெருமைமிக்க அசாந்தே கோட்டோகோ அணியில் சேர்ந்தார். கோட்டோகோ என்றால் முள்ளம்பன்றி; எத்தனை முட்கள் உதிர்ந்தாலும் மீண்டும் முளைக்கும் என்று அம்மக்கள் தங்கள் படைவீரத்துக்கு அதைச் சின்னமாகக் கொண்டவர்கள். எந்த ஊரின் பாசறையில் பசியோடு நுழைந்தாரோ, அதே ஊரில் நாடறிந்த ஆட்டக்காரராக நின்றார். முப்பதைக் கடந்த வயதில் தென்னாப்பிரிக்காவின் ஜோமோ காஸ்மோஸ் கழகத்தில் ஆடியதோடு அவருடைய ஆட்ட வாழ்வு நிறைவுற்றது.

ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள் பொதுவாக என்ன செய்வர்? சிலர் பயிற்சியாளர் ஆவர். சிலர் விடுதி நடத்துவர். சிலர் எஞ்சிய பணத்தைக் கரைத்துவிட்டுப் பழங்கதை பேசுவர். லாம்ப்டி மாடு வளர்ப்பில் இறங்கினார். அதோடு, தலைநகராகிய அக்ராவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். கால்பந்துப் பள்ளி அன்று. எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் பள்ளி. குளோ-லாம்ப் பன்னாட்டுப் பள்ளி என்பது அதன் பெயர். ஒளிரும் விளக்கு என்று நாம் சொல்லலாம். அவர் பெயரின் முற்பகுதியும் அதில் அடங்கியிருக்கிறது. தமக்குக் கிடைக்காத கல்வி பிற பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்னும் வேட்கையே அதைக் கட்டத் தூண்டியதாக அவர் சொல்லியிருக்கிறார்.

அவர் இழந்தது பெரிது. ஆயினும் எதை இழந்தார் என்பதை அவர் சரியாகக் கண்டுகொண்டார். கோப்பையையும் புகழையும் பறிகொடுத்தவர் அவற்றை மீட்க முயலாமல், எல்லா இழப்புக்கும் வேராயிருந்த எழுத்தறியாமையைப் பிடுங்க முனைந்தார். தம்மை விற்றவர்களைத் தூற்றிக்கொண்டே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அதற்கு நியாயமும் இருந்தது. அதை விடுத்துக் கரும்பலகையும் சாக்குக்கட்டியும் வாங்கினார். கசப்பைக் கனியாக்கும் இவ்வித்தை தங்கப் பந்தினும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

காலம் கற்றுக்கொண்டவை

லாம்ப்டியைப் போன்றோரின் துயரங்கள் வீண்போகவில்லை. 2001-ஆம் ஆண்டில் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு விதிகளைத் திருத்தி, பதினெட்டு வயது நிரம்பாதவரை நாடுவிட்டு நாடு மாற்றுவதற்குத் தடை விதித்தது. பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்துக்காகக் குடிபெயர்தல் போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர் மாறலாம் என்றாலும், அவருக்குப் பள்ளிக் கல்விக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்வது புதிய கழகத்தின் கடமை. 2015-ஆம் ஆண்டு மே முதல், கழகமல்லாத வெளியார் ஆட்டக்காரரின் மாற்றுத் தொகையில் பங்கு வைத்துக்கொள்வதும் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. 2023-இல், தரகர்கள் தேர்வெழுதித் தேறி உரிமம் பெற வேண்டும் என்னும் முறை மீண்டும் கொண்டுவரப்பட்டது.

கானாவிலேயே வேறொரு வழியும் பிறந்தது. 1999-இல் டாம் வெர்னான் என்னும் ஆங்கிலேயர் 'ரைட் டு டிரீம்' என்ற பெயரில் ஒரு பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினார். கனவு காணும் உரிமை என்பது அதன் பொருள். வோல்டா ஆற்றங்கரையில் அமைந்துள்ள அதன் வளாகத்தில் மைதானத்தோடு வகுப்பறையும் உண்டு. பந்தாட்டத்தில் உச்சிக்குச் செல்ல இயலாதவர் படிப்பைக் கொண்டு வாழலாம். அங்குப் படித்துக் கல்வி உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றவர்களும் உண்டு. இன்று ஐரோப்பாவில் பெயர் பெற்றுள்ள முகமது குடூஸ் அங்கு வளர்ந்தவரே. திறமைக்கு வேலி கட்ட முடியும் என்பதற்கு இது சான்று.

ஆயினும் சட்டம் மட்டும் பிள்ளையைக் காத்துவிடாது. வயதைக் குறைத்தும் கூட்டியும் எழுதுவோர் இன்னும் இருக்கின்றனர். கழகத்தின் பெயரைப் பொய்யாகச் சொல்லி ஏழைப் பெற்றோரிடம் பணம் பறிப்போரும் இருக்கின்றனர். வீட்டையும் நிலத்தையும் விற்றுப் பணம் கட்டி, பிள்ளையை விமானமேற்றி அனுப்பிவிட்டுச் செய்தியின்றித் தவிக்கும் குடும்பங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் உண்டு. விதி எழுதியவர்கள் தொலைவில் இருக்கிறார்கள். தரகன் வாசற்படியில் நிற்கிறான். அவ்வேளையில் பிள்ளைக்குத் துணை நிற்கக்கூடியவர் வீட்டிலுள்ளவரே.

பெற்றோர் பெருமக்களுக்கு

தாலந்துகளின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தாலந்தைப் புதைத்து வைத்தவனின் குற்றத்தைப் பற்றிப் பேசாத மறையுரை இல்லை. பிள்ளையிடம் உள்ள தாலந்தைப் பிறர் எடுத்துச் சந்தையில் விற்றால் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாட்டோ, பந்தோ, படமோ, பிள்ளையிடம் ஒரு திறமை தோன்றினால் மகிழுங்கள்; ஊக்குவியுங்கள். ஆனால் அதன்பொருட்டுப் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட வேண்டாம். கால் தளரும் நாள் வரும். குரல் உடையும் நாள் வரும். படித்த எழுத்து தளராது. பிள்ளை கையெழுத்திட வேண்டிய தாள் எதுவாயினும், வேலைக்காயினும் வெளிநாட்டுப் பயணத்துக்காயினும் கடனுக்காயினும், முதலில் நீங்கள் படியுங்கள். உங்களால் இயலாவிடில் படிக்கத் தெரிந்த நல்லவர் ஒருவரைப் படித்துச் சொல்லச் செய்யுங்கள். இப்பொழுதே கையெழுத்திடு, நாளை வாய்ப்பு இராது என்று அவசரப்படுத்துகிறவரிடம், நாளை வாருங்கள் என்று சொல்லத் துணியுங்கள். நல்ல வாய்ப்பு ஓர் இரவு காத்திருக்கும். கண்ணி மட்டுமே காத்திருக்காது.

அதற்கும் மேலாக, குடும்பத்தில் அமைதி காத்தல் வேண்டும். லாம்ப்டியின் கையில் தரகர் தாளை நீட்டிய நாளில் அவருடைய கதை தொடங்கவில்லை. குடித்துவிட்டு வந்த தந்தையின் கை ஓங்கிய நாளிலே, பெற்றோர் பிரிந்த நாளிலே, பெட்டிக் கடையில் ஒரு பிள்ளை தனியே படுத்த நாளிலே அது தொடங்கிவிட்டது. வீட்டில் கேட்பாரற்ற பிள்ளையை வெளியில் கேட்பார் பலர்; அவர்களுள் கெஷியும் இருக்கலாம், வேறு வகையினரும் இருக்கலாம். எவர் கையில் அகப்படும் என்பதைப் பிள்ளையின் நல்வாய்ப்புக்கு விட்டுவிடுவது பெற்றோருக்கு அழகாகாது.

அக்ராவின் அப்பள்ளியிலிருந்து இன்னொரு தங்கப் பந்து வீரன் வருவானோ மாட்டானோ, அது முக்கியமன்று. அங்கே கரும்பலகையின்முன் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவனும் சிறுமியும், நாளை ஒருவர் தாளை நீட்டும்போது, "சற்றுப் பொறுங்கள், படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்வார்கள். தம் பதினாறாம் வயதில் லாம்ப்டியால் சொல்ல இயலாமற்போன சொல் அதுவே.